அசைவுணரியால் வீட்டு விளக்கை இயக்குதல்: முதன்முறை இணைப்போருக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. அம்மா நாள்தோறும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, மேல்மாடியிலிருந்து சமையலறைக்கு இறங்கி வருவார். மாடிப்படி விளக்குக்கான சுவிட்ச் கீழே மட்டுமே இருந்ததால், இருட்டில் சுவரைத் தடவியபடி இறங்குவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு நாள், படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் இன்னொரு படி இருந்தது. கணுக்கால் வீங்கி, இரண்டு வாரம் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. அந்த வாரமே நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் ஓர் அசைவுணரியை வாங்கி வந்தேன். ஆனால் அது ஒரு மாதத்துக்கு மேல் அலமாரியிலேயே கிடந்தது. நான் வாங்கிய உணரிக்கு மூன்று கம்பிகள் தேவைப்பட்டன. எங்கள் சுவிட்ச் பெட்டிக்குள் இருந்தவை இரண்டே.

ஆகவே இந்த வழிகாட்டி கடையில் தொடங்காமல் சுவிட்ச் பெட்டியில் தொடங்குகிறது. உணரியை இணைப்பது கடினமான வேலையல்ல. உள்ளே வரும் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, மின்குமிழுக்குப் போகும் கம்பி ஆகிய மூன்றையும் உரிய முனைகளில் இறுக்கினால் இணைப்பு முடிந்துவிடும். நொதுமல் கம்பி உங்கள் வீட்டில் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும், உணரியை எந்தச் சுவரில் எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்துவது என்று தீர்மானிப்பதுமே உண்மையான வேலை. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தின் சொற்களையே இங்கு பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். கடையில் உயிர்க்கம்பியை லைவ், நொதுமலை நியூட்ரல், புவிக்கம்பியை ஏர்த் என்று கேட்டால்தான் உடனே விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. இதற்கு முன் ஒரு சுவிட்ச்சைக்கூடக் கழற்றி மாற்றியிராதவர்கள், இதை வாசித்து விளங்கிக்கொண்டு, தகைமை பெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து, அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று பார்ப்பதே நல்லது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தொடர்மாடியின் பொதுப் படிக்கட்டு விளக்குகள் பொது மீற்றரில் ஓடுவன என்பதால், கட்டட முகாமைத்துவக் குழுவின் அனுமதியின்றி அவற்றில் கை வைக்க வேண்டாம்.

மின்சாரத்தை நிறுத்தி, நின்றதை உறுதிசெய்தல்

எல்லோரும் டீ.பி. என்று சொல்லும் பகிர்வுப் பெட்டியைத் திறந்தால், ஒரு மெயின் சுவிட்ச்சும், மின்கசிவின்போது மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் ஒரு ட்ரிப் சுவிட்ச்சும், அவற்றை அடுத்து வரிசையாகச் சிறிய சுற்றுடைப்பான்களும் இருக்கும். விளக்குச் சுற்றுக்குரிய சுற்றுடைப்பான் பெரும்பாலும் 6 அம்பியருடையது. ட்ரிப் சுவிட்ச்சில் 30 மில்லி அம்பியர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால், உணரியைப் பற்றிய யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் ட்ரிப் சுவிட்ச்சை மாற்றுங்கள். உயிரைக் காப்பதற்கென்றே அந்த வீட்டில் இருக்கும் ஒரே கருவி அதுதான்.

விளக்குச் சுற்றின் சுற்றுடைப்பானை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யலாமே என்று தோன்றும். நான் எப்போதும் மெயினையே அணைக்கிறேன். சிறிய சுற்றுடைப்பான் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, நொதுமல் கம்பி அப்படியே தொடர்கிறது. பழைய கொழும்பு வீடுகளில் சுவிட்ச்சை நொதுமல் கம்பியில் போட்டிருப்பதும், ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு வேறு சுற்றுகளின் கம்பிகள் வந்திருப்பதும் அபூர்வமல்ல. நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்த 2022இன் பிறகு பல வீடுகளில் இன்வேட்டரும் மின்கலமும் வந்துவிட்டன. அப்படியான வீட்டில் மெயினை அணைத்த பின்னரும் சில விளக்குச் சுற்றுகளில் 230 வோல்ற்று இருந்துகொண்டே இருக்கும். இன்வேட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டையும் துண்டித்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

வேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள அனைவரிடமும் சொல்லி, டீ.பி. மூடியில் "வேலை நடக்கிறது, போட வேண்டாம்" என்று ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டதே என்ற அக்கறையில் யாராவது வந்து மெயினைப் போட்டுவிடக்கூடும்.

மின்சாரம் நின்றுவிட்டதா என்பதை டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரின் சிறு நியோன் விளக்கை மட்டும் நம்பித் தீர்மானிக்க வேண்டாம். அது நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காலில் தடித்த இரப்பர்ச் செருப்போடு ஏணியில் நிற்கும்போது மங்கியும் போகும். விலை குறைந்த ஒரு மல்டிமீற்றரே போதும். அதை ஆடலோட்ட (ஏ.சி.) வோல்ற்றளவில், 230ஐ விடக் கூடிய எல்லையில் வைத்து, முதலில் மின்சாரம் உள்ள ஒரு குதையில், அதாவது பிளக் செருகும் இடத்தில், 230ஐ ஒட்டிய அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். பின் மெயினை அணைத்து, அதே குதையில் பூச்சியம் காட்டுவதை உறுதிசெய்து, அதன் பிறகு நீங்கள் கை வைக்கப்போகும் இடத்தில் உயிர்க்கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையில், உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையில், நொதுமலுக்கும் புவிக்கம்பிக்கும் இடையில் என மூன்று சோடிகளையும் அளந்து பாருங்கள்.

சுவிட்ச் பெட்டிக்குள் இருப்பவை

சுவரில் புதைக்கப்பட்டிருக்கும் சன்க் பொக்ஸின் முகப்புத் தட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றித் தட்டை மெதுவாக முன்னுக்கு இழுங்கள். எங்கள் பெட்டியைத் திறந்தபோது, மூலையில் வெள்ளை மிளகுபோல இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே எறும்புகள் கொண்டுவந்து சேர்த்த மண்துகள். சுவிட்ச்சின் செப்பு முனையில் பச்சையாகக் களிம்பு. கடற்காற்று படும் வீடுகளில் இது வழக்கம். களிம்பேறிய கம்பி முனையை அப்படியே புதிய முனைக்குள் செருகாமல், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, புதிதாக எட்டுப் பத்து மில்லிமீற்றர் நீளத்துக்கு மேலுறையை உரித்து, பளிச்சென்ற செம்பை இணைக்க வேண்டும்.

இப்போது கம்பிகளின் நிறத்தைப் பாருங்கள். பழைய வயரிங்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவிக்கம்பி பச்சை. புதிய வயரிங்கில் உயிர்க்கம்பி மண்ணிறம், நொதுமல் நீலம், புவிக்கம்பி பச்சையும் மஞ்சளும் கலந்தது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். மேலே விளக்கிலிருந்து சுவிட்ச்சுக்கு இறங்கும் இரட்டைக் கம்பி சிவப்பும் கறுப்புமாக இருந்தால், அந்தக் கறுப்பு நொதுமல் அல்ல. சிவப்பில் வரும் மின்சாரத்தைச் சுவிட்ச் வழியாக மீண்டும் விளக்குக்குக் கொண்டுபோகும் திரும்பு கம்பி அது. சுவிட்ச்சைப் போட்டால் அதிலும் 230 வோல்ற்று இருக்கும். ஆகவே ஒற்றைச் சுவிட்ச் உள்ள பெட்டியில் இரண்டு கம்பிகள் மட்டுமே வந்து, இரண்டும் சுவிட்ச்சின் முனைகளிலேயே இறுக்கப்பட்டிருந்தால், நிறம் எதுவாக இருந்தாலும் அங்கே நொதுமல் இல்லை என்றே கொள்ள வேண்டும். சுவிட்ச்சோடு சேராமல், பெட்டியின் பின்புறத்தில் கனெக்டருக்குள் ஒரு கட்டாக இணைந்திருக்கும் கறுப்பு அல்லது நீலக் கம்பிகளைக் கண்டால், அவை நொதுமலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். உறுதிசெய்ய வேண்டுமானால் கம்பிகளை ஒன்றோடொன்று தொடாதவாறு விலக்கி வைத்து, இன்னொருவரைக் கொண்டு மெயினைப் போடச் செய்து, மீற்றரின் காப்பிடப்பட்ட பிடிகளை மட்டும் பிடித்து அளக்க வேண்டும். உயிர்க்கம்பிக்கும் நொதுமலுக்கும் இடையில் 230ஐ ஒட்டியும், நொதுமலுக்கும் புவிக்கம்பிக்கும் இடையில் பூச்சியத்தை ஒட்டியும் காட்டும். கை நடுங்கும் என்று தோன்றினால் இந்த ஒரு படியை எலெக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

நொதுமல் இல்லாவிட்டால்

என் பெட்டியில் நொதுமல் இல்லை என்று தெரிந்தபோது, தெரிந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏர்த் கம்பியை நியூட்ரலாகப் போடலாம் தம்பி, வேலை செய்யும்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அதைச் செய்யவே கூடாது. 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று குறைந்தது 39 மில்லி அம்பியரை இழுக்கும். அந்த ஓட்டம் நொதுமலால் திரும்பாமல் புவிக்கம்பியால் போனால், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். இது பரவாயில்லை, தவறு உடனே தெரிந்துவிடுகிறது. விளக்குக்கு உரிய நொதுமலைக் கொடுத்து, உணரிக்கு மட்டும் புவிக்கம்பியைக் கொடுத்தால்தான் பெரிய ஆபத்து. உணரி இழுப்பது சில மில்லி அம்பியர் மட்டுமே என்பதால் ட்ரிப் விழாது. எல்லாம் சரியாக வேலை செய்வதாகவே தோன்றும். என்றோ ஒரு நாள் அந்தப் புவிக்கம்பி எங்காவது அறுந்தால், அதே கம்பியில் இணைந்திருக்கும் உலோக விளக்குச் சட்டம், மின்விசிறி, சலவை இயந்திரம் எல்லாவற்றின் உடலும் அந்த உணரி வழியாக உயிர்க்கம்பியோடு தொடர்புபட்டுவிடும்.

பக்கத்துக் குதையிலிருந்து நொதுமலைக் கடன் வாங்குவதும் கூடாது. விளக்குச் சுற்றை அணைத்துவிட்டு வேலை செய்யும் அடுத்த மனிதர், மின்சாரம் இல்லை என்று நம்பிப் பிரிக்கும் நொதுமலில் வேறொரு சுற்றின் ஓட்டம் வந்துகொண்டிருக்கும்.

சரியான வழி பெரும்பாலும் தலைக்கு மேலேயே இருக்கிறது. மின்குமிழ் எரிய வேண்டுமானால் அதற்கு நொதுமல் வந்தே ஆக வேண்டும். விளக்குக் கம்பி இறங்கும் சீலிங் ரோஸிலோ விளக்கின் கனெக்டரிலோ அது நிச்சயம் இருக்கும். ஆகவே உணரியைச் சுவிட்ச் இருக்கும் இடத்தில் வைக்காமல், விளக்கு இருக்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். சுவிட்ச்சிலிருந்து வரும் திரும்பு கம்பி உணரிக்கு உயிர்க்கம்பியாகிறது; நொதுமல் அங்கேயே கிடைக்கிறது; உணரியின் வெளியீடு மின்குமிழுக்குப் போகிறது. சுவரை உடைக்கவோ புதிய கம்பி இழுக்கவோ வேண்டியதில்லை. பழைய சுவிட்ச் இனி எப்போதும் போட்டபடியே இருக்கும். அதை அணைத்தால் உணரியும் சேர்ந்து அணைந்துவிடும், இது சில நேரங்களில் வசதியும்கூட. எங்கள் மாடிப்படியில் நான் செய்தது இதைத்தான்.

நொதுமல் தேவைப்படாத இரு கம்பி உணரிகளும் விற்பனைக்கு உண்டு. அவை தமக்கு வேண்டிய சிறு ஓட்டத்தை மின்குமிழ் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. பழைய இழை மின்குமிழ்களுக்கு அது ஒரு பொருட்டல்ல, எல்.ஈ.டி.யோ அந்தச் சிறு ஓட்டத்திலேயே மங்கலாக ஒளிர்வதும், விட்டு விட்டு மினுங்குவதும் உண்டு. வேறு வழி இருக்கும்வரை நான் இவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். கம்பியில் கை வைக்கவே விருப்பமில்லாதவர்களுக்கு உணரி உள்ளமைந்த மின்குமிழும், தாங்கியில் செருகும் உணரியும் கிடைக்கின்றன. உங்கள் தாங்கி பின் வகையா, திருகு வகையா என்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.

எதை வாங்குவது

அசைவுணரிகளில் பெரும்பாலானவை பி.ஐ.ஆர். வகையைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து எந்தக் கதிரும் வெளியே போவதில்லை. மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்பு வெப்பக் கதிர்களைப் பெறுவது மட்டுமே அவற்றின் வேலை. வெண்ணிறப் பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள வெளியைப் பல விசிறித் துண்டுகளாகப் பிரித்து உள்ளே உள்ள உணர்கூற்றின் மேல் விழச் செய்கிறது. அந்தக் கூறு இரண்டு பாதிகளால் ஆனது. சூடான ஓர் உடல் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகரும்போது இரு பாதிகளுக்கும் இடையில் ஏற்படும் வேறுபாட்டையே உணரி அசைவாகக் கொள்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. உணரியை நோக்கி நேராக நடந்து வருபவரை விட, அதன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவரை அது விரைவாகக் கண்டுகொள்ளும். அடுத்தது, சுற்றுப்புறம் உடலின் சூட்டை நெருங்க நெருங்க அதன் பார்வை மங்கும்.

இரண்டாவது விஷயம் கொழும்புக்கு மிகவும் முக்கியமானது. உணரியின் பெட்டியில் "அதிகபட்சம் 12 மீற்றர்" என்று பெரிய எழுத்திலும், அதன் அருகில் "24 பாகைக்குக் குறைந்த வெப்பநிலையில்" என்று சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். கொழும்பில் 24 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்கும் இரவுகள் எத்தனை? பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் பட்ட சுவர் இரவு ஒன்பது மணிக்கும் சூடாகவே இருக்கும். ஆகவே பெட்டி சொல்லும் தூரத்தில் பாதியையே நம்பித் திட்டமிடுங்கள். 12 மீற்றர் என்றால் ஆறு மீற்றர் என்று எடுத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தால் ஏமாற்றம் வராது.

மைக்ரோவேவ் உணரிகள் வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவை தாமே அலைகளை அனுப்பி, அசையும் பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு கண்டுகொள்கின்றன. ஆனால் அந்த அலைகள் மெல்லிய சுவரையும் மரக் கதவையும் கண்ணாடியையும் ஊடுருவும். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ஒழுங்கை வீடுகளில், பக்கத்து வீட்டார் நடந்தாலும் உங்கள் விளக்கு எரியும். மூடிய வாகனத் தரிப்பிடத்துக்கு அவற்றைப் பயன்படுத்தலாம், வீட்டுக்குள் பி.ஐ.ஆர். போதும்.

பெட்டியில் பார்க்க வேண்டிய அடுத்த அளவு, தாங்கக்கூடிய வாற்று. 1200 வாற்று என்று பெரிதாக எழுதியிருப்பது இழை மின்குமிழுக்கு உரியது, எல்.ஈ.டி.க்கு உரிய அளவு தனியாக, 300 வாற்று என்பதுபோல, மிகக் குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். எல்.ஈ.டி. எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் இழுக்கும் ஓட்டம் அதன் வழக்கமான ஓட்டத்தைப் போலப் பல மடங்கு என்பதே காரணம். வீட்டுக்கு வெளியே வைப்பதாக இருந்தால், தூசியையும் நீரையும் தடுக்கும் அளவைக் காட்டும் ஐ.பி. எண்ணைப் பார்த்து, ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை நேரே முகத்தில் அடிக்கும் சுவராக இருந்தால் ஐ.பி. 65.

மின்கட்டணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 9 வாற்று மின்குமிழை இரவு முழுவதும், பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 3.2 அலகு. உணரி அதை நாளுக்கு ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தால் 0.4 அலகு, உணரி தானே அரை வாற்று இழுப்பதாகக் கொண்டால் அதற்கு மேலும் 0.36 அலகு. மிச்சம் ஒரு விளக்குக்கு இரண்டரை அலகுக்குச் சற்றுக் கீழே. வாயில், பின்முற்றம், படிக்கட்டு என்று நான்கைந்து விளக்குகள் இரவெல்லாம் எரியும் வீட்டில், அடுத்த கட்டண வகுப்புக்குள் போகாமல் தடுக்க இது உதவலாம். ஒரே ஒரு விளக்குள்ள வீட்டில், கால் இடறாமல் நடப்பதற்காகவே உணரியை வாங்குங்கள்.

இடம் தேர்தல்

சுவரில் வைப்பதாக இருந்தால் தரையிலிருந்து 1.8 முதல் 2.5 மீற்றர் உயரம் பொருத்தமானது. நடப்பவர் உணரியின் பார்வைக்குக் குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். மாடிப்படியில், படிகளின் எதிரே நேராக வைப்பதைவிடப் பக்கச் சுவரில் வைத்தால், முதல் படியில் கால் வைக்கும்போதே விளக்கு எரியும்.

குளிரூட்டியின் வெளிப்புற அலகு சூடான காற்றை ஊதும் திசையிலும், காலை வெயிலோ மாலை வெயிலோ நேரே விழும் இடத்திலும் வைக்க வேண்டாம். பகலெல்லாம் வெயிலில் சூடேறிய குரோட்டன் செடி கடற்காற்றில் அசைந்தால், உணரிக்கு அது மனிதராகவே தெரியும். உணரியின் கண்ணில் அது இயக்கும் விளக்கே படாதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வைத்து வெளியே பார்க்கச் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக் கதிர்களை மறித்துவிடுவதால் அது நடக்காது.

கூரைத் தட்டில் வைக்க நினைப்பவர்கள், தட்டு அஸ்பெஸ்டஸாக இருந்தால் அதில் துளையிடாமல் இருப்பதே மேல். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. பக்கத்துச் சுவரில் ஓர் இடம் எப்போதும் கிடைக்கும்.

இணைக்கும் முறை

மெயின் அணைந்திருப்பதை மீண்டும் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, விளக்கின் இணைப்பைத் திறந்து, அங்கிருக்கும் கம்பிகளைக் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் டேப் ஒட்டி, இது சுவிட்ச்சிலிருந்து வருவது, இது நொதுமல், இது புவிக்கம்பி என்று பேனையால் எழுதுங்கள்.

உணரியில் மூன்று முனைகள் அல்லது மூன்று கம்பிகள் இருக்கும். ஆங்கில எழுத்து எல் (L) பொறித்தது உள்ளே வரும் உயிர்க்கம்பிக்கு. "என்" (N) பொறித்தது நொதுமலுக்கு. எல்லின் மேல் ஒரு சிறு கோடு இட்டிருப்பது, அல்லது அம்புக்குறியும் விளக்கும் வரைந்திருப்பது, மின்குமிழுக்குப் போகும் வெளியீடு. கம்பிகளாக வரும் உணரிகளில் பெரும்பாலும் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், சிவப்பு வெளியீடு. பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பே உயிர்க்கம்பி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சிவப்போடு சிவப்பை இணைத்துவிட்டால், உணரிக்கு மின்சாரமே போகாது; ஒன்றும் எரியாது; பொருள் பழுதென்று சொல்லிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உணரிகளில் சில இப்படிப்பட்டவையாகவும் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு, உணரி வந்த பெட்டியில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள்.

இனி, சுவிட்ச்சிலிருந்து வரும் கம்பியை உணரியின் உயிர் முனையில் இறுக்குங்கள். விளக்குக்கு வந்த நொதுமலை ஒரு கனெக்டருக்குள் கொண்டுவந்து, அதிலிருந்து உணரிக்கு ஒன்றும் மின்குமிழுக்கு ஒன்றுமாக இரண்டு கம்பிகளை எடுங்கள். உணரியின் வெளியீட்டை மின்குமிழ்த் தாங்கியின் உயிர் முனைக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் உணரிக்குப் புவிக்கம்பி தேவையில்லை. ஆனால் விளக்கின் சட்டம் உலோகமாக இருந்தால் அதற்கு வந்த புவிக்கம்பி அறுபடாமல் தொடர்ந்து போக வேண்டும். புதிய துண்டுக் கம்பி வேண்டுமானால், விளக்குச் சுற்றுக்குக் கடையில் 1/1.13 என்று கேளுங்கள், 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றை இழை, அதாவது 1 சதுர மில்லிமீற்றர். உணரிக்கும் விளக்குக்கும் இடையில் சுவரின் மேல் போகும் கம்பியைக் கேசிங்குக்குள் விட்டு மூடுங்கள்.

இழைகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எங்கள் வெக்கையில் அந்த டேப்பின் பசை இளகி, சில வருடங்களில் டேப் தானாகவே அவிழ்ந்துவிடும். ஒவ்வோர் இணைப்பும் கனெக்டருக்குள் இருக்க வேண்டும். ஒற்றை இழை முனைக்குள் தளர்வாக நின்றால், அதைக் குறட்டால் இரட்டையாக மடித்துச் செருகி இறுக்குங்கள். இறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். என் முதல் உணரியில் நொதுமல் கம்பி இப்படி இழுத்தபோது கையோடு வந்துவிட்டது; திருகாணி செம்பைப் பிடிக்காமல் மேலுறையைப் பிடித்திருந்தது.

எப்போதாவது விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும் என்று விரும்பினால், உணரியின் உயிர் முனைக்கும் வெளியீட்டுக்கும் இடையில் ஒரு சாதாரணச் சுவிட்ச்சை இணைக்கலாம். அதைப் போட்டால் விளக்கு உணரியைக் கேட்காமல் எரியும். அணைத்தால் உணரி மீண்டும் பொறுப்பேற்கும். நீண்ட படிக்கட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உணரிகள் வேண்டுமென்றாலும் வழி இதுவே: இரண்டுக்கும் ஒரே சுற்றின் உயிர்க்கம்பியையும் நொதுமலையும் கொடுத்து, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றாக்கி மின்குமிழுக்கு அனுப்புங்கள். மேலும் கீழும் இருவழிச் சுவிட்ச் ஏற்கெனவே உள்ள படிக்கட்டில், மேல்மாடிச் சுவிட்ச் ஒரு சுற்றிலிருந்தும் கீழ்மாடிச் சுவிட்ச் இன்னொன்றிலிருந்தும் மின்சாரம் பெறும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் நீங்களாகத் தொடராமல் எலெக்ட்ரீசியனை அழையுங்கள்.

போட்டுப் பார்த்தல்

எல்லா மூடிகளையும் பொருத்திய பிறகே மெயினைப் போடுங்கள். உணரி விழித்தெழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை எடுக்கும். அதற்குள் விளக்கு தானாக எரிந்து அணையலாம். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கும் என்பதால், நள்ளிரவில் யாருமில்லாத முற்றத்தில் விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம்.

உணரியின் அடியில் மூன்று சிறு திருகுகள் இருக்கும். நேரத்தைக் குறைந்த அளவிலும், எவ்வளவு இருட்டில் எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லக்ஸை சூரியன் படம் உள்ள பக்கத்திலும், உணர்திறனை நடுவிலும் வைத்துத் தொடங்குங்கள். இப்படி வைத்தால் பகலிலும் வேலை செய்யும். பத்து விநாடி அளவில் அணையும். நீங்கள் நடந்து நடந்து அதன் பார்வை எல்லையைக் கண்டுபிடிக்கலாம். இந்தப் பரிசோதனையை அந்த வழியில் உண்மையில் நடக்கப்போகிறவரைக் கொண்டு செய்யுங்கள். நான் வேகமாக இறங்கியபோது மூன்றாம் படியில்தான் விளக்கு எரிந்தது. அம்மா மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து இறங்கியபோது ஐந்தாம் படிவரை இருட்டாகவே இருந்தது. உணரியை ஒரு சாண் மேல்படிப் பக்கமாக நகர்த்தி, உணர்திறனைக் கூட்டிய பிறகே முதல் படியில் எரிந்தது.

லக்ஸ் திருகைப் பகலில் ஊகித்து வைக்க முடியாது. மாலை ஆறரை மணியளவில், எந்த இருட்டில் விளக்கு வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அந்த நேரத்தில், திருகைப் பிறைநிலாப் பக்கத்தின் எல்லைவரை திருப்பிவிட்டு, ஒருவரை முன்னால் நடக்கச் சொல்லியபடி மெதுவாக மறுபக்கம் திருப்புங்கள். விளக்கு முதன்முதலாக எரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அணையும் நேரம், படிக்கட்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும். குளியலறையில் அசையாமல் இருக்கும் நேரம் அதிகம் என்பதால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

சில நாட்களில் தெரியவரும் கோளாறுகள்

விளக்கு அணையாமலே எரிகிறது என்றால், முதலில் உணரியின் முன் அசையும் சூடான பொருள் எதுவும் உண்டா என்று பாருங்கள். வில்லையைத் தடித்த அட்டையால் மூடி வைத்தும் அணையவில்லையென்றால், உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் தொடுகைகள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். விரலால் உடலைச் சுண்டியதும் "டிக்" என்ற ஒலியோடு அணைந்தால் அதுவே காரணம். மின்குமிழ்கள் அந்த உணரிக்கு அதிகம் என்று பொருள். சிறிது காலத்தில் மீண்டும் ஒட்டும், ஆகவே உணரியை மாற்றி, விளக்குகளைக் குறையுங்கள்.

விளக்கு எரிந்து அணைந்து மீண்டும் எரிந்துகொண்டே இருந்தால், உணரி தன் விளக்கையே பார்க்கிறது. திசையை மாற்றுங்கள், அல்லது வில்லையின் அந்தப் பகுதியைக் கறுப்பு டேப்பால் மறைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாத இடி மின்னலுக்குப் பின் ஓர் உணரி முற்றாகச் செயலிழந்தால், அது பெரும்பாலும் மின்னழுத்தப் பாய்ச்சலால் நேர்ந்தது, டீ.பி.யில் பாய்ச்சல் தடுப்பான் ஒன்றைப் போடுவதைப் பற்றி எலெக்ட்ரீசியனிடம் கேளுங்கள். பல்லி ஒன்று வில்லையின் மேலேயே குடியிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தால், பின்புறக் கம்பித் துளையைச் சிலிக்கனால் அடைத்து, வில்லையைத் துடைத்து விடுங்கள். துளை அடைபட்டால் எறும்பும் உள்ளே போகாது.

வில்லையில் படியும் உப்பும் தூசியும் பார்வையைக் குறைக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். ஸ்பிரிட்டும் தின்னரும் பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும். கடலோர வீடாக இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்து மூடியைக் கழற்றி, முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, திருகாணிகளை மீண்டும் ஒரு முறை இறுக்குங்கள். உணரி எந்தச் சுற்றில் இருக்கிறது, எந்தச் சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும் என்று ஒரு சிறு தாளில் எழுதி, டீ.பி. மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.